மாதா சப்பரமும் நோராவின் ஹைஹீல்ஸும்

டோரதி டீச்சரைக் குள்ளம் என்று சொன்னவர்கள் சாந்தோமில் நிறைய உண்டு. அவள் காதுபடச் சொன்னவர்கள்தான் குறைவு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் டிரில் டீச்சர். இழுத்துச் செருகிய சேலையும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவுமாக மைதானத்தில் இறங்கி விசிலை ஊதினால், அவளைவிட ஒரு சாண் உயர்ந்த பெண்கள்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு வரிசைக்கு வந்துவிடுவார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று யாராவது பாராட்டாகச் சொல்லிவிட்டால் வந்தது வினை. நான் எதற்காகக் கடுகாக இருக்க வேண்டும் என்று கேட்டு, சொன்னவர் வாயை அடைத்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் நாற்பத்து மூன்றாம் வருஷத்து மாதா திருவிழாவில் ஊரையே கலக்கிவிட்டாள். சப்பரம் தூக்குகிற ஆண்களில் பாதிப்பேர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். மீதிப்பேருக்கு ரயில்வேயிலும் துறைமுகத்திலும் லீவு கிடையாது. யுத்தம் முடிகிறவரை மாதாவைக் கோயிலுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடலாம், நொச்சிக்குப்பம் வரைக்கும் போக வேண்டாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, டோரதி எழுந்து, பெண்கள் நாங்கள் தூக்குகிறோம் என்றாள். பங்குச் சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார், சரி என்றார். சப்பரத்துக்குப் பொறுப்பான ஆம்ப்ரோஸ் மாமா சரி என்று சொல்லவில்லை. சோதனை வைக்கிறேன் என்றார்.

அந்தக் கோயிலில் இது பரம்பரை வழக்கம். சப்பரத்தின் நடுவில் ஒரு பித்தளை டம்ளரை வைத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றுவார்கள். நாலு பேர் நாலு மூலையில் தோள் கொடுத்துத் தூக்க வேண்டும். தண்ணீர் ஒரே பக்கமாக வழிந்தால் அந்தப் பக்கத்து ஆளை மாற்று என்று அர்த்தம். வழியாமல் நின்றால் அதை அந்த நாலு பேரும் பங்கு போட்டுக் குடிப்பார்கள். அந்த ஒரு மடக்குத் தண்ணீரைக் குடித்தவர்கள் வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்கள்.

டோரதியோடு சேர்ந்தவர்கள் ஆலிஸும் இன்னும் இரண்டு டீச்சர்களும். மூவரும் அளந்து வெட்டின மாதிரி ஒரே உயரம். தூக்கினார்களோ இல்லையோ, டம்ளர் தண்ணீர் மொத்தமும் டோரதியின் மூலைக்கு ஓடி அவள் ரவிக்கையை நனைத்தது. ஆம்ப்ரோஸ் மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நீ கொடியப் புடிச்சிட்டு முன்னால போ கண்ணு. தூக்குறதுக்கு ஒரு ஒசரம் வேணும்" என்றார்.

ஆசை ஆசையாகக் கேட்டு வாங்கியவள் அவள்தான்; இப்போது வெளியே நிற்க வேண்டியவளும் அவள்தான். எல்லோர் முன்னாலும் டோரதி அழவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதாள்.

அக்கா நோரா மவுண்ட் ரோடு கம்பெனியில் டைப்பிஸ்ட். கறுப்புத் தோலில் ஒரு ஜோடி ஹைஹீல்ஸ் வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு நோரா கிளம்பும்போதெல்லாம், கொக்கு கிளம்பிடுச்சு என்று கேலி செய்தவள் இந்த டோரதிதான். அந்தக் கொக்குச் செருப்பைத்தான் நோரா இப்போது தங்கையின் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். மூன்று விரற்கடை உயரம் கிடைக்கும், போதுமா பார் என்றாள்.

போதுமாக இருந்தது. ஆனால் கால்? கட்டைவிரல் நசுங்கியது, குதிகால் கொப்பளித்தது, கெண்டைக்கால் கல்லாக இறுகியது. மைதானத்தை மான் மாதிரி சுற்றுகிறவள் கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடை பழகினாள். இரண்டாவது சோதனையில் கோயிலின் கல் தரையில் சப்பரம் அசையாமல் நின்றது. டம்ளரில் தண்ணீர் தளும்பியதே தவிர வழியவில்லை. ஆலிஸ் ஆவலோடு கையை நீட்டினாள். ஆம்ப்ரோஸ் மாமாவோ தண்ணீரைக் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிட்டார். கல் தரையில் யார்தான் நிற்க மாட்டார்கள், திருவிழா முடியட்டும் என்றார். கொழுப்பைப் பாருங்கள்!

திருவிழா அன்று மத்தியானம் டோரதி இரண்டு ஜோடியையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கான்வாஸ் ஷூ போட்டால் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், சப்பரத்துக்கு மட்டும் எட்டாது. ஹைஹீல்ஸ் போட்டால் சப்பரத்துக்கு எட்டும், ஆனால் குப்பத்துச் சந்து முழுக்க மணல். இது அவளுக்குத் தெரியாதது இல்லை. மணலில் கால் வைத்துப் பிழைப்பு நடத்துகிற டிரில் டீச்சருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் வீம்பு விடவில்லை. குள்ளி என்று பேர் வாங்குவதைவிடக் கால் ஒடிந்து போகட்டும் என்று ஹைஹீல்ஸை மாட்டினாள். திரும்பி வரும்போது ஆகும் என்று நோரா கான்வாஸ் ஷூவைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

இரவில் விளக்குக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு இருந்ததால் வெயில் தாழ்ந்ததுமே சப்பரம் புறப்பட்டது. கோயில் வாசல் தாண்டியாயிற்று, தார் ரோடும் தாண்டியாயிற்று. மாதா தேரில் போகிற மகாராணி மாதிரி போனாள். வழியெல்லாம் நின்ற பெண்கள், தூக்குகிறவர்களும் பெண்கள்தான் என்று பார்த்துவிட்டு ஒருவரையொருவர் இடித்துக் காட்டிக்கொண்டார்கள். காலில் உயிர் போகிற வலி. என்றாலும் டோரதிக்கு அப்போது இருந்த கர்வத்தில், கேட்டால் இல்லவே இல்லை என்றிருப்பாள்.

குப்பத்துச் சந்தில் இறங்கியதும் குதி மணலில் புதைந்தது. பிடுங்கி அடுத்த அடி வைத்தாள்; அதுவும் புதைந்தது. சப்பரம் அவள் பக்கமாகச் சாய, மாதாவின் கிரீடம் சரிந்து ஒரு காதில் நின்றது. கூட்டம் ஐயோ என்றது. ஆம்ப்ரோஸ் மாமா கையை உயர்த்த, பாண்டு வாத்தியம் நின்றது. சப்பரத்தை அதன் தாங்கு கால்களில் இறக்கி வைத்தார்கள்.

"போதும்மா. நாலு ஆம்பளைங்க வந்து புடிங்க, இப்படியே கோயிலுக்குத் திரும்பிடலாம்" என்றார்.

சந்தின் அந்தக் கோடியில் குப்பத்து ஜனங்கள் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் காத்து நின்றார்கள். மாதா வாசல்வரை வந்து திரும்பினால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? இனி ஒரு பெண்ணை யார் சப்பரத்தின் பக்கத்தில் விடுவார்கள்? எல்லாம் தன் வீம்பினால் வந்தது என்று டோரதி தன்னையே நொந்துகொண்டாள். தலையைக் குனியப் போனவள் குனியவில்லை. எதிரே தேவானை நின்றிருந்தாள்.

தேவானை அவர்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். கூடையை இறக்கிவிட்டு ஊர்வலம் பார்க்க வந்தவள், கூடைக்கு அடியில் வைக்கிற துணிச் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுக்க மறந்திருந்தாள். டோரதியின் கண் அந்தச் சும்மாட்டில் போய் நின்றது. மூன்று விரற்கடை இருக்கும். உயரம் காலுக்கு அடியில்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

"தேவானை, அந்தச் சும்மாட்ட இப்படிக் குடு."

"இன்னா டீச்சரம்மா, மீன் நாத்தம் அடிக்கும்."

"பரவால்ல, குடு."

அவள் அதைத் தோளில் வைத்து அழுத்திப் பார்ப்பதைக் கண்டதும் ஆம்ப்ரோஸ் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மாதா சப்பரத்துக்கு அடியில் மீன் துணியா என்று கேட்டார்.

"அவங்க மகன் சீடராக் கூட்டு சேத்தது யாரை மாமா? வலைக்காரங்களத்தானே. மாதா வீட்டு அடுப்படிக்கு வராத மீன் வாசமா?" என்றாள் டோரதி.

பங்குச் சாமியார் தாடிக்குள் சிரித்துக்கொண்டே சரிந்த கிரீடத்தை நேராக வைத்தார்.

டோரதி மணலில் உட்கார்ந்து ஊர் பார்க்க ஹைஹீல்ஸைக் கழற்றினாள். நோரா எடுத்துக் கொடுத்த கான்வாஸ் ஷூவை மாட்டி, கயிற்றை இழுத்துக் கட்டி எழுந்தாள். மூன்று விரற்கடை குறைந்து, அவள் எவ்வளவோ அவ்வளவாக நின்றாள். இத்தனை நாள் எதை மறைக்கப் பாடுபட்டாளோ அது வெட்டவெளிக்கு வந்துவிட்டது. தலையில் இடியொன்றும் விழவில்லை.

"டம்ளர வைங்க மாமா" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் வழியில்லை. குப்பத்துக் குடத்திலிருந்து நிறைத்து மாதாவின் காலடியில் வைத்தார். தூக்கினார்கள். சும்மாடு அமுங்கியதில் தண்ணீர் டோரதியின் பக்கம் எட்டிப் பார்த்தது. இறக்கச் சொன்னாள். துணியை இன்னொரு மடிப்பு மடித்துத் தோளில் வைத்தாள். மறுபடி தூக்கினார்கள். தண்ணீர் நின்றது.

"லெஃப்ட்" என்றாள் டோரதி, மைதானத்துக் குரலில். நாலு இடது கால்களும் ஒன்றாக எழுந்தன.

அப்புறம் அந்த மணலில் அவர்கள் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! குப்பத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். வயசான செம்படவர்கள் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். படகு படகாக நின்று, வீடு வீடாக நின்று, பொழுது சாய்வதற்குள் மாதா திரும்பக் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். நோரா ஹைஹீல்ஸிலிருந்த மணலைக் கொட்டிக்கொட்டிப் பின்னாலேயே வந்தாள். முகத்தில் தானே சப்பரம் தூக்கின மாதிரி ஒரு பெருமை.

ஆம்ப்ரோஸ் மாமா டம்ளரை எடுத்துப் பார்த்தார். தளும்பிச் சிந்தியது போக முக்கால்வாசி இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிந்த தடம் சப்பரத்தில் எங்கேயும் இல்லை. விரலால் தடவிக்கூடப் பார்த்தார் மனுஷர்.

"இந்த ஒசரத்த வச்சிக்கிட்டா இவ்வளோ தூரம் தூக்குன?" என்றார். குரலில் கேலி இல்லை.

"என் ஒசரத்துக்கு ஒரு குறையும் இல்ல மாமா. சப்பரந்தான் கொஞ்சம் ஒசரம்."

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து முதலில் அவளிடம்தான் கொடுத்தார். டோரதி ஒரு மடக்குக் குடித்தாள். ஆலிஸும் மற்ற இருவரும் ஆளுக்கொரு மடக்குக் குடித்தார்கள். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. சும்மாட்டை வாங்கிப்போக வாசலில் வந்து நின்ற தேவானையைக் கூப்பிட்டு, டோரதி அதை அவளிடம் நீட்டினாள்.