முடியுது சார்

நானூறு கிராம்தான், இரண்டு டம்ளர் தண்ணீர்கூட இல்லை, இதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கோச் ஸ்டேடியத்துப் பெண்கள் குளியலறைக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார், உள்ளே ஸ்கிப்பிங் கயிறு தரையை அடித்துக்கொண்டிருந்தது, டப்... டப்... டப்... சுடுதண்ணீர்க் குழாய்கள் நான்கையும் அவருடைய மாணவி திறந்துவிட்டிருந்தாள், கதவுக்கு அடியிலிருந்து ஆவி கசிந்து அவருடைய ஷூ நுனியில் பூத்தது. மணி ஏழு இருபத்தைந்து. எட்டு மணிக்கு எடை பார்க்கும் மேசையை மூடிவிடுவார்கள். ஐம்பத்து மூன்று கிலோ, அதற்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் இன்றைய மல்யுத்த இறுதிச் சுற்று அவளுக்கு இல்லை, அவள் இல்லையென்றால் கல்லூரிக்கு ஒன்பதாவது கோப்பை இல்லை. ஒன்பதுக்கு பேனர் அடிக்கக் கொடுத்தாயிற்று என்று கல்லூரி முதல்வர் நேற்றே போன் செய்துவிட்டார், அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் பேனரை யாரும் சிரித்துக்கொண்டே திருப்பி வாங்கமாட்டார்கள்.

எறும்பு என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். முதல் நாள் பயிற்சியில் தன்னைவிடப் பதினைந்து கிலோ கூடுதலான ஒருத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் நடந்தாள், அப்போது வாயில் வந்த பெயர். இரண்டு வருடத்தில் அவள் அப்பா அம்மாவைத் தவிர எல்லோருக்கும் எறும்பு. காலையில், ஆறு ஐம்பதுக்கு, அந்த எறும்பு எடை இயந்திரத்தில் ஏறி நின்றபோது, விழுந்துவிடக் கூடாதே என்று முழங்கைக்கு மேல் பிடித்தார்... கை காய்ந்திருந்தது. பிளாஸ்டிக் சட்டை போட்டு ஒன்றரை மணி நேரம் ஓடியவளின் கை, பழைய நோட்டுப் புத்தகத்து அட்டை மாதிரி. வியர்வை வந்தால் பயமில்லை, எவ்வளவு வந்தாலும் பயமில்லை, நின்றுவிட்டால்தான் பயம், உடம்பு இனிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டது என்று அர்த்தம், இது முதல் வருடத்துப் பையனுக்கும் தெரியும், அவருக்கு இருபத்தேழு வருடமாகத் தெரியும். தெரிந்தும் என்ன சொன்னார்? இயந்திரத்தைப் பார்த்தார், ஐம்பத்து மூன்று புள்ளி நான்கு, "இன்னும் நானூறு" என்றார். அவள் தலையாட்டிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது, அப்போதாவது கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் என்ன சொல்வது என்று யோசித்தாரா, அல்லது பேனரை யோசித்தாரா... பேனரைத்தான் யோசித்தார், மறைப்பதற்கு என்ன இருக்கிறது, இங்கே வேறு யார் இருக்கிறார்கள்.

"முடியுதா?" என்பது அவருடைய கேள்வி. பயிற்சிக்கூடத்தில் அதற்கு ஒரே பதில்தான் உண்டு, "முடியுது சார்". விரல் பிசகியிருந்தாலும், மூக்கில் ரத்தம் வந்தாலும், வீட்டில் யாராவது செத்திருந்தாலும் முடியுது சார். வேறு பதில் சொன்னவன் அடுத்த நாள் வரமாட்டான், அவர் விரட்டமாட்டார், அவனே வரமாட்டான். அதைவிடப் பெரிய வித்தை ஒன்று வைத்திருந்தார். எல்லோரும் நாக்குத் தள்ளிக் கிடக்கும்போது, குரலை இளக்கி, பெற்ற அப்பன் மாதிரி, "போதும், நிறுத்துங்க" என்பார். நிறுத்தினவனுக்குக் கயிற்றில் இன்னும் இருநூறு. நிறுத்தாதவன்தான் தேறினவன். எதிராளி போதும் என்றால் நிறுத்துவியா, உன் உடம்பு போதும் என்றால் நிறுத்துவியா, நான் சொன்னால் மட்டும் ஏன்டா நிறுத்துறே? ஒரு பத்திரிகைக்காரர் இதைக் கேட்டுவிட்டு மனோதத்துவம் என்று எழுதினார். கயிறு தாண்டும்போது இன்னொன்று, தன் அறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், கயிற்றின் சத்தம் வேறு, காலின் சத்தம் வேறு. பெஞ்சில் உட்கார்ந்தபடி கயிற்றை மட்டும் தரையில் அடித்து ஏமாற்றுகிறவர்கள் எல்லா வருடமும் இரண்டு பேர் இருப்பார்கள், இருந்த இடத்திலிருந்தே "ஏய், கால் எங்கடா?" என்று ஒரு குரல் கொடுப்பார், அவ்வளவுதான், அந்த ஜென்மத்துக்கும் ஏமாற்றமாட்டான்.

அப்படி ஏமாற்றவே தெரியாத ஒருவன் இருந்தான், தவளை. பன்னிரண்டு வருடம் இருக்கும், மூன்றாவது கோப்பை. எடை மேசைக்குப் பத்தடி முன்னால் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் பாதி போச்சு என்று டாக்டர் ஏதோ மழை பாதி நின்னுபோச்சு என்கிற மாதிரி சொன்னார். கோச் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், முடியுதாடா என்று கேட்டார், மூக்கில் குழாயோடு அவன் முடியுது சார் என்றான். இதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறார், எத்தனை தடவை கைதட்டு வாங்கியிருக்கிறார். கதையில் சிறுநீரகத்தை மட்டும் விட்டுவிடுவார், நேரம் போதாது என்பதால். தவளை இப்போது செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், ஒவ்வொரு கோப்பைக்கும் வாழ்த்து அனுப்புவான், நீங்க இல்லேன்னா நான் இல்லை சார்... அதைப் படிக்கும்போது இவன் திட்டுகிறானா வாழ்த்துகிறானா என்று ஒரு நொடி நிற்பார், பிறகு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு மூடிவிடுவார். அவனுக்கும் அன்றைக்குக் கை காய்ந்திருந்தது.

பாக்கெட்டில் போன் நடுங்கியது. அவளுடைய போன், உள்ளே நனைந்துவிடும் என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், திரையில் அம்மா என்று வந்தது. எடுத்து என்ன சொல்வது, நல்லா இருக்காம்மா, கதவுக்கு அந்தப் பக்கம் நல்லா இருக்கா. அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் வீட்டிலும் இதே கதைதான், மனைவி இரண்டு மாதம் பித்தப்பைக் கல்லோடு சமைத்துப்போட்டாள், ஆபரேஷனுக்கு முந்தைய நாள்தான் அவருக்குத் தெரியும், ஏன் சொல்லவில்லை என்று கத்தியதற்கு, சொல்லியிருந்தால் இருநூறு தாண்டச் சொல்லியிருப்பீங்க என்றாள். இப்போதும் அவர் ஏதாவது கனமாகத் தூக்கச் சொன்னால் விறைப்பாக நின்று "முடியுது சார்" என்பாள், மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள், அவரும் சிரிப்பார். சிரித்துத் தொலைத்திருக்கிறார்.

துடைப்பான் வாளியை உருட்டிக்கொண்டு துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர் வந்தார், ஐம்பது வயதிருக்கும், இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. இது லேடீஸ் பாத்ரூம், உங்களது அந்தக் கோடியில் என்று முதலில் சொன்னார், அப்புறம் உள்ளே சத்தத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். கோச் விளக்கினார், எடை, நானூறு கிராம், எட்டு மணி. சாவி இருந்தால் திறந்து ஒரு எட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார். உள்தாழ்ப்பாளுக்குச் சாவி எந்த ஊரில் செய்றாங்க என்றார் அந்த அம்மா. பிறகு அவரே போய்க் கதவைத் தட்டினார்.

"யாருமா உள்ள? நல்லா இருக்கியா?"

கயிறு நிற்கவில்லை. அதன் நடுவில், மெலிந்து, "முடியுது" என்று வந்தது.

"முடியுதாம் சார். இதோ முடிச்சிட்டு வந்துரும்."

"அது அந்த முடியுது இல்லம்மா..." என்று ஆரம்பித்த கோச் நிறுத்திக்கொண்டார். அந்த முடியுது இல்லையென்றால் எந்த முடியுது? இருபத்தேழு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை கேட்ட சொல், ஒரு தடவைகூட அதை இப்படித் திருப்பிப் பார்த்ததில்லை, தெம்பு இருக்கிறது என்றும் அதே சொல், தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் அதே சொல், இத்தனை பேரில் யார் எதைச் சொன்னார்கள்? அந்த அம்மா துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஏன் சார் மூஞ்சி இப்படி இருக்கு, நீங்கதானே அந்தப் பொண்ணுக்கு வாத்தியார் என்று கேட்டார். ஆமாம் என்றார்.

"அப்ப போதும்னு சொல்லி வெளிய கூப்பிட வேண்டியதுதானே. வாத்தியார் சொன்னா கேக்காதா?"

கேட்கும். அதுதான் கேட்குமே, அவர் சொல்லி யார் கேட்காமல் இருந்திருக்கிறார்கள். ஏழு முப்பத்தாறு. சொல்லிவிட்டால் கோப்பை போச்சு, பேனர் போச்சு, போகட்டும் என்று மனம் சொன்னபோதே இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாமே என்று அதே மனம் சொன்னது, அந்த ஐந்து நிமிடத்தை இரண்டு தடவை கொடுத்துப் பார்த்தார். ஏழு நாற்பத்தாறுக்குக் கதவருகே போய், உள்ளங்கையை அதன்மேல் வைத்தார், மரம் சூடாக இருந்தது, ஈரமாக இருந்தது, அவள் கையைவிட ஈரமாக. குரல் தானாகவே இளகியது.

"எறும்பு. போதும்மா, நிறுத்து."

கயிறு ஒரு கணம் தடுமாறியது. ஒரே ஒரு கணம். பிறகு வேகம் பிடித்தது, டப்டப்டப்டப் என்று, தேறினவள் தாண்டுகிற மாதிரி.

"முடியுது சார்."

"இல்ல, நிஜமாத்தான் சொல்றேன். போதும். கோப்பை வேணாம். வெளிய வா."

கயிறு இன்னும் வேகமானது. நிஜமாகத்தான் என்பதையும் சொல்லியிருக்கிறார், எல்லாத் தடவையும் சொல்லியிருக்கிறார், சத்தியம்கூடப் பண்ணியிருக்கிறார், ஒரு வருடம் யாரும் ஏமாறவில்லை என்பதால் விசிலைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்துகூடக் காட்டியிருக்கிறார். இனி எந்தக் குரலில் சொல்வது, எந்தச் சொல் மிச்சம் இருக்கிறது? கோபமாகச் சொன்னால் ஊக்கம், கெஞ்சிச் சொன்னால் பரீட்சை. துப்புரவுக்கார அம்மா கதவைத் தோளால் ஒரு இடி இடித்துப் பார்த்தார், அசையவில்லை, ஸ்டேடியக் காவலாளியிடம் கடப்பாரை இருக்கும், கூட்டி வரேன் என்று ஓடினார், ஓடும்போது நல்ல வாத்தியார் வந்து சேர்ந்தாருய்யா என்று சொல்லிக்கொண்டே போனது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

கோச் காதைக் கதவில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார், தன் அறையில் உட்கார்ந்து கேட்பது போலவே. கயிறு கேட்கட்டும், கால் கேட்கக் கூடாது... ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, கையை மட்டும் ஆட்டிக் கயிற்றைத் தரையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும், எட்டு மணிக்கு வெளியே வந்து, தாண்டினேன் சார், குறையலை சார் என்று முகத்துக்கு நேரே பொய் சொல்ல வேண்டும், அதை அவர் நம்ப வேண்டும்... வருடத்துக்கு இரண்டு பேர் இருப்பார்களே, இந்த வருடம் யார்? யோசித்துப் பார்த்தார், யாரும் நினைவுக்கு வரவில்லை, போன வருடமும் இல்லை, அதற்கு முந்தைய வருடம்... எப்போதிலிருந்து இல்லாமல் போனார்கள்? தண்ணீர்ச் சத்தத்தை விலக்கிவிட்டுக் கேட்டார். கயிறு, கால். கயிறு, கால். கயிறு, கால். ஒன்றுகூடத் தவறவில்லை.