செலவாகாத வாரங்கள்

ஜூன் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஹட்சென்ஸ் குடும்பம் ஹெரன் கோவ் விடுதிக்குள் நுழைந்து, அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியேறியபோது, அவர்களுக்கு அங்கே நான்கு வாரங்கள் கழிந்திருந்தன. ஏரிக்கரையில் இருந்த எங்களுக்கு ஒன்றுதான் கழிந்திருந்தது. ஐந்து வயது ஜூனிக்கு, வந்த அன்று ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்து புதுப்பல் பாதி முளைத்திருந்தது. அவளுடைய அக்கா டெலாவுக்குக் காலணி கடித்தது. தந்தை லைலின் முகத்தில், ஒரு வாரத்தில் எவருக்கும் வளராத தாடி இருந்தது. தாய் ரோண்டா சாவியை வரவேற்பு மேசையில் வைத்து, தாமதத்துக்குக் கட்டணம் ஏதேனும் உண்டா என்று கேட்டார். மேசையில் இருந்த கென்னா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். அந்த ஆண்டு கெளுத்தி மீன் தாராளமாகக் கிடைத்தது. படகு வாடகை சற்றே ஏறியிருந்தது.

அவர்களுக்குச் சொந்தமான வாரம் ஒரு டாலருக்கு வாங்கப்பட்டது. டைம்ஷேர் என்பது என்னவென்று அறியாதவர் எங்கள் கரையில் இல்லை. ஒரே வீட்டை ஆண்டின் வாரங்களாகக் கூறுபோட்டு, ஆளுக்கொரு வாரமாக விற்பார்கள். வாங்கியவர் ஆண்டுதோறும் தம் வாரத்தில் வந்து தங்கலாம். வந்தாலும் வராவிட்டாலும் பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும். கம்பெனியிடம் புதிதாக வாங்குவோர் ஒரு நல்ல லாரியின் விலையைக் கொடுக்கிறார்கள். கையெழுத்திட்டு வாசலைக் கடப்பதற்குள் அதன் மதிப்பில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. ஆகவே ஒருவர் கைமாற்றி விடுவதை வாங்குவதே அறிவுடைமை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் பன்றித் தொடைக்கறிக்காக விற்பனைக் கூட்டத்தில் போய் உட்காரும் வரையில்தான் அந்த அறிவு நிலைக்கும்.

ரோண்டா தொடைக்கறிக்குப் போகவில்லை. அவர் பட்லர் ஊரில் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தார். லைல் பண்ணை வீடுகளுக்கு எரிவாயு கொண்டுசெல்லும் லாரியை ஓட்டினார். அதுவரை அவர்கள் விடுமுறை என்று அறிந்ததெல்லாம், லைலின் அண்ணன் வீட்டுக் கூடத்தில் தரையில் படுத்து, அண்ணியின் பெருமூச்சைக் கேட்பதுதான். ஒரு குளிர்காலம் முழுவதும் ரோண்டா விற்பனை அறிவிப்புகளைப் படித்தார். விற்க முன்வந்த ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, கட்டணப் பாக்கி உண்டா, ஆண்டுதோறும் அதே வாரம்தானா, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். மூன்றாவது கேள்வி மரியாதைக்காகக் கேட்டது. லமார் ஊரில் டயர்க் கடை வைத்திருந்த மெர்ல் புரூயிட் என்பவர், மனைவியை இழந்து சில மாதங்களே ஆனவர், முதலிரண்டு கேள்விகளுக்கும் ஒழுங்காக விடை சொன்னார். மூன்றாவதற்கு, “போறதில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். வெளியாருக்குப் போகுமுன் அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமை கம்பெனிக்கு இருந்தது. ஒரு டாலர் அதிகம் என்று கருதியோ என்னவோ, கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை.

லைலுக்கு ஐயம் தீரவில்லை. “ஒரு டாலருக்கு இங்க ஒரு காபி கூட வராது, ரோண்டா. இதுல ஏதோ இருக்கு.”

“இருக்கு. ரெண்டு படுக்கையறை இருக்கு. பால்கனி இருக்கு. உங்க அண்ணி இல்ல.”

முதல் வாரம் நல்லபடியாகக் கழிந்தது. புறப்பட வேண்டிய சனிக்கிழமையன்று நால்வரும் அயர்ந்து உறங்கிவிட்டனர். கண் விழித்தபோது மணி பத்தரை. கதவை எவரும் தட்டியிருக்கவில்லை. ரோண்டா பைகளில் துணிகளைத் திணிக்கத் தொடங்கினார். லைல் மன்னிப்புக் கேட்பதற்காக வரவேற்பறைக்கு ஓடினார். மேசையில் கென்னா இல்லை. முந்தைய இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்றுவிட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். லைல் திரும்பி வந்து கதவருகில் நின்றார்.

“பையைக் கீழ வை. போன வருஷம் வந்திருக்கு.”

“எங்க?”

“இங்கதான். வெளியில.”

“அதுக்குத் தனியாக் கட்டணம் உண்டாமா?”

“கேட்டேன். புரூயிட் கட்டிட்டாராம்.”

உண்மை அதுதான். புரூயிட் ஒன்பது கோடைகள் கட்டணத்தைச் செலுத்திவிட்டு வராமலே இருந்திருக்கிறார். பணம் கட்டி வாழப்படாத வாரங்கள் கெட்டுப்போவதில்லை. கழுவிய தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக வீட்டினுள் அடுக்கப்பட்டிருந்தன. கடைசியாக வைத்தது மேலே இருந்தது. சனிக்கிழமை பத்து மணிக்குப் புறப்படாமல் உள்ளேயே இருந்தால் அடுத்த தட்டு கைக்கு வரும்; அந்த ஆண்டின் வெயில், அந்த ஆண்டின் செய்தித்தாள், படகுத்துறைக் கடையில் அந்த ஆண்டின் விலை. விடுதியின் வெளிவாயிலைத் தாண்டினாலோ, அடுக்கில் தட்டே மிஞ்சாமல் வாரம் முடிந்தாலோ, நிகழ்காலத்தின் அதே சனிக்கிழமை, அதே பத்து மணி. கடைக்காரர்கள் அவர்கள் கொடுத்த நோட்டுகளை மறுக்கவில்லை. நோட்டில் அச்சிட்ட ஆண்டை எவரும் பார்ப்பதில்லை. லைல் பக்கத்துப் பால்கனிக்காரரிடம், தாம் ஏற்கெனவே முடிவறிந்த பேஸ்பால் ஆட்டம் ஒன்றில் பந்தயம் கட்டி ஒரு தூண்டிலை வென்றார். ரோண்டா அதைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

நான்காம் வாரத்தின் முடிவில் டெலாவின் காலணி கடிக்கத் தொடங்கியதும் ரோண்டா போதும் என்றார். இன்னும் ஒன்றே ஒன்று என்று குழந்தைகளோடு சேர்ந்து லைலும் கெஞ்சினார். “ஃப்ரீசர்ல மான்கறி இருக்குன்னா, தினம் எடுத்தாத் திங்கறோம்?” என்று ரோண்டா கேட்டார். மிசூரிக்காரரான லைல் பைகளை எடுக்கப் போனார்.

அதன் பிறகு பழைய வாரங்களை அவர்கள் சிக்கனமாகவே எடுத்தார்கள். லைலுக்கு முதுகில் அறுவை நடந்த ஆண்டில் ஒன்று. அதில் அவர் நிழலில் படுத்துக் கிடந்தார், முதுகு தேறியது. ரோண்டாவின் தாய் இறந்த ஆண்டில் ஒன்று. அதில் ரோண்டா பெரும்பாலும் உறங்கினார், எவரும் எழுப்பவில்லை. காரணமே இல்லாமல் ஒன்று எடுத்தார்கள், அது முழுவதும் மழை பெய்தது, நால்வரும் சீட்டாடினார்கள், அதுவே எல்லாவற்றிலும் சிறந்தது என்று ஜூனி இன்றும் சொல்கிறாள். இன்னொன்றில் டெலா நீந்தக் கற்றாள்; வேறொன்றில் தங்கைக்குக் கற்றுக்கொடுத்தாள். கணவனும் மனைவியும் ஆண்டில் மற்ற நாட்களில் பேச நேரமில்லாமல் விட்டவற்றைப் பால்கனியில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். மற்ற உரிமையாளர்கள் முதலில் பொறாமைப்பட்டார்கள். தங்கள் வாரங்களைத் தாங்களே தின்று தீர்த்துவிட்டது நினைவுக்கு வந்தபின் அடங்கினார்கள். கம்பெனியின் விற்பனையாளர் டிரென்ட் மட்டும் ஒவ்வொரு கோடையிலும் ரோண்டாவை இலவசக் காலை உணவுக்கு அழைத்து, அந்த வாரத்தைக் கொடுத்துவிட்டுப் புள்ளிகளாக வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தினார்.

“புள்ளி இருந்தா எந்த ஊருக்கு வேணும்னாலும் போகலாம், மேடம். யோசிச்சுப் பாருங்க.”

“புள்ளி மேல படுத்துத் தூங்க முடியுமா, தம்பி?” என்றார் ரோண்டா. “அந்த முட்டையை இந்தப் பக்கம் தள்ளு.”

இவ்வாறு எட்டு வாரங்கள் தீர்ந்தன; அடியில் ஒன்று மிஞ்சியது. அதை ரோண்டா டெலாவுக்காக வைத்திருந்தார். டெலா கடற்படையில் சேர்ந்திருந்தாள். திங்கட்கிழமை புறப்பட வேண்டும். மகள் தன் மகளாக மட்டும் இருக்கும் கடைசி வாரம் அதுவே என்று ரோண்டா எண்ணினார். அதற்காக மூன்று கோடைகளாக எவரையும் அதைத் தொடவிடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகலில் மெர்ல் புரூயிட் வந்தார். எங்கள் கரையைச் சேர்ந்த ஒருவர் லமாரில் டயர் மாற்றப் போன இடத்தில் வாய்விட்டதனால் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. வீட்டின் முன்னே லைல் கரியடுப்பில் தொத்திறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்தார். புரூயிட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“வித்ததைத் திரும்பக் கேக்க வரலம்மா. பழைய வாரம் ஒண்ணு மிச்சமிருக்காமே.”

“இருக்கு,” என்றார் ரோண்டா. “நாளைக்குப் பத்து மணிக்கு மேல நாங்க அதுலதான் இருப்போம்.”

“அது எந்த வருஷத்துதுன்னு தெரியுமா?”

“அடியில கிடக்கறது. நீங்க வராம விட்ட முதல் வருஷம்.”

புரூயிட் நின்றபடியே சொன்னார். அந்த ஜூனில், புறப்படுவதற்கு முதல் நாள் ஒரு லாரி நிறைய டயர் வந்து இறங்கியது; பயணம் இல்லை என்று விடுதிக்கும் மனைவி வெர்னாவுக்கும் சொல்லிவிட்டார். கட்டிய பெட்டியை அவிழ்ப்பானேன், செடாலியாவில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று வெர்னா கிளம்பினார். ஒரு வாரம் கழித்துத் தோள்கள் வெயிலில் கறுத்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இலையுதிர் காலத்தில் அந்தத் தங்கை தொலைபேசியில், அக்கா ஏன் இந்த ஆண்டு வரவேயில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். வெர்னாவின் காரில், கால்மிதியின் அடியில், இந்த ஏரியின் கூழாங்கற்கள் கிடந்தன.

“யாரோ ஒருத்தன் கூட இங்க இருந்திருக்கா,” என்றார் புரூயிட். “நாப்பது வருஷக் குடித்தனம். கேக்க வாய் வரல. அதுக்கப்புறம் இந்த ஏரிப் பக்கமே நான் வரல. வித்துடலாம்னா அவ விடல; வசந்தம் வந்தாப் போதும், கட்டணத்தை அவளே தபால்ல போட்டுடுவா. இப்ப அவளும் இல்ல. அந்த ஆளு யாருன்னு பாக்கணும். அவ்வளவுதான்.”

“பாத்து என்ன பண்ணப் போறீங்க?” என்றார் லைல். “அடிக்கப் போறீங்களா?”

“இந்த வயசுல அடிக்கிறதா? கை குடுப்பேனோ என்னமோ. அவ பாடிக்கிட்டு வந்து நான் பாத்ததே இல்ல, தம்பி.”

ரோண்டா தயக்கமின்றி மறுத்தார். மகள் திங்கட்கிழமை போகிறாள், இதை அவளுக்காகவே வைத்திருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். நியாயம் என்று தலையசைத்துப் புரூயிட் தொப்பியை அணிந்துகொண்டார்.

“அம்மா, அவருக்குக் குடுத்துடு,” என்றாள் டெலா. “நீ அந்த வாரம் பூரா என்னைப் பாத்துப் பாத்து அழுவே. எனக்கும் லீவு மாதிரி இருக்காது.”

“உன்னை யாருடி கேட்டா? ரொட்டியை எடுத்து வை.”

டெலா ரொட்டியை எடுத்து வைத்தாள். ரோண்டா எண்ணாமலே தட்டுகளை எடுத்து வந்தார். மேசையில் வைத்தபோது ஐந்து இருந்தன. ஐந்தாவதைப் புரூயிட்டின் பக்கம் தள்ளினார்.

“உக்காருங்க, ஐயா,” என்றார் பிறகு. “ராத்திரி சோபாவுல படுத்துக்கலாம். காலையில பாலும் முட்டையும் விட்டுட்டுப் போறேன். வெளிவாசலை மட்டும் தாண்டாதீங்க. தாண்டினா எல்லாம் போச்சு.”

மறுநாள் காலை அவர்கள் படுக்கைகளுக்குப் புது விரிப்பு போட்டுவிட்டு, பைகளைக் காருக்குச் சுமந்தார்கள். துப்புரவுப் பெண்கள் தள்ளுவண்டியுடன் தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள். பத்து மணிக்குப் புரூயிட் உள்ளிருந்து கதவைச் சாத்தினார். லைல் பனிப்பெட்டியைக் காரின் பின்னால் தூக்கிவைத்து, அதன் மூடியை அழுத்துவதற்குள் கதவு மீண்டும் திறந்தது.

தம் பையுடன் வெளியே வந்தவரின் நெற்றி வெயிலில் தோலுரிந்திருந்தது. முந்தைய நாள் படியேறும்போது கைப்பிடியைப் பற்றியவர், இப்போது பற்றாமல் இறங்கினார். காரருகே வந்து, ஏதோ மறந்தவரைப் போல நின்றார்.

“யாருன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டார் ரோண்டா.

“தெரிஞ்சுது. ஒரு கிழவன்.”

“எப்படிப்பட்ட ஆளு?”

“குறட்டை விடுவானாம். மத்தபடி பரவாயில்லைன்னா.”

ரோண்டா அவருடைய முகத்தைப் பார்த்தார். தோலுரிந்த நெற்றியைப் பார்த்தார். பிறகு காரின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“வெர்னா சாயங்காலம் வந்தா,” என்றார் புரூயிட். “தனியா, பெட்டியோட. நான் போய்க் கதவைத் திறந்தேன். மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்தா. ‘என்ன மெர்ல், ஒரு லாரி டயரை இறக்கி வைக்க இத்தனை வருஷமா ஆச்சு?’ன்னா. வேற ஒண்ணும் கேக்கல. பெட்டியை என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டா.”

அவர் ஏரியைப் பார்த்தபடி நின்றார்.

“இன்னிக்குக் கிளம்பும்போது சொன்னேன், வீட்டுல இருக்கிற அந்தப் பழைய மெர்ல்கிட்ட விஷயத்தைச் சொல்லிடுன்னு. ‘கேட்டான்னா சொல்றேன்’னா.” புரூயிட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “காத்துக்கிட்டே இருந்திருக்கா, அம்மா. அந்த மடையன் கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல.”

டெலா அவருடைய பையை வாங்கிச் சென்று அவருடைய காரில் வைத்தாள். லைல் கை கொடுத்தார். பின்னர் இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவாயிலைக் கடந்தன. அன்று தாய் அழ அழ, டெலா அவரை வழியெல்லாம் கேலி செய்துகொண்டு போனாள் என்று ஜூனி பிறகு சொன்னாள். அதன் பிறகு ஹட்சென்ஸ் குடும்பத்துக்கும் மற்றவர்களைப் போல ஆண்டுக்கு ஒரு வாரம்தான். அது போதுமானதாக இருக்கிறது என்கிறார்கள். விடுதியின் கணக்குப்படி, புரூயிட் சொன்ன அந்த ஆண்டின் ஜூன் வாரத்தில் அந்த வீட்டில் எவரும் தங்கவில்லை; கேட்டால் கென்னா இப்போதும் அப்படித்தான் சொல்வார், அதுவும் தவறில்லை. துப்புரவுப் பெண்கள் உள்ளே போய், ஒரு படுக்கையின் விரிப்பையும் இரண்டு தலையணைகளின் உறைகளையும் மாற்றினார்கள். அடுத்த வாரத்துக்குரிய குடும்பம் நான்கு மணிக்கு வந்து சேர்ந்தது.