செல்லச்சாமியின் கண்ணீர்ப் பாசனம்

மல்லாங்கிணற்றில் அந்த வருடம் அரை ஏக்கர் மிளகாய் செல்லச்சாமியின் கண்ணீரில் வளர்ந்தது. பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கும் டேங்கை முதுகில் மாட்டிய கொஞ்ச நாளில் அவருக்குக் கண் ஊற்றெடுத்துவிட்டது. துக்கமும் இல்லை, தூசியும் இல்லை, சும்மா கொட்டியது. மழையையே நம்பிக் கிடக்கிற ஊரில் தண்ணீர் எங்கிருந்து வந்தால் என்ன? வாய்க்கால் வெட்டினார்கள். நிலத்துக்காரர் ராஜபாண்டியன் மாலையே போட்டுவிட்டார். செல்லச்சாமிக்கும் தலைகால் புரியவில்லை.

அவர் மனைவி வள்ளித்தாய்க்கு மட்டும் இது நல்லதாகப் படவில்லை. பட்டாசு கம்பெனியில் நெடிக்கு முகத்தில் துணி கட்டி வேலை பார்க்கிறவள் அவள். புருஷனின் கண்மணி கடுகளவாகச் சுருங்கியதையும், சோற்றை அள்ளும் கை உதறுவதையும் பார்த்தவள், அவரை விருதுநகருக்கு இழுத்துப்போய் ரத்தம் எடுக்கவைத்தாள். பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் ரத்தத்தில் ஒரு நொதி குறையும் என்றார் டாக்டர். இவருக்கு இருந்த அளவு சரியென்றும் சொல்ல முடியவில்லை, தப்பென்றும் சொல்ல முடியவில்லை. ஆளுக்கு ஆள் அளவு மாறும். மருந்தடிக்கும் முன்னால் இவர் ரத்தத்தை யாரும் பார்த்ததில்லை. மருந்துப் பக்கமே போகாமல் ரெண்டு மாதம் இருக்கட்டும், மறுபடி பார்க்கும்போது அளவு ஏறியிருந்தால் இப்போது விழுந்து கிடக்கிறது என்று அர்த்தம் என்றார்.

ஊர் வீட்டுவாசலுக்கு வந்தது.

"ஏ வள்ளி, மொளகா பூவும் பிஞ்சுமா நிக்கி. இன்னும் ரெண்டு தடவ மட்டும் அடிக்கட்டும்" என்றார் ராஜபாண்டியன்.

"ஒங்க மொளகாய்க்கு எம்புருசந்தான் கெணறா, அண்ணாச்சி? இந்தக் கெணறு வத்தித்தான் ஆகணும்."

மறுநாளே அவரைத் திருத்தங்கலில் ஓர் அச்சகத்துக்குக் காலண்டர் கட்ட அனுப்பிவிட்டாள். அங்கே கண்ணீர் சொட்டாகி, நின்றது. இங்கே மிளகாய் கருகியது. குழாயடியில் ஒருத்தியும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அழுதாள், அது ஒரு செடிக்கும் போதவில்லை. ஆனாலும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

ரெண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அளவு ஒன்றுக்கு ரெண்டாக ஏறியிருந்தது.

"பாதியாக் கெடந்துருக்கும்மா. இன்னும் அடிச்சிருந்தா மூச்சு நின்னுருக்கும்" என்றார் டாக்டர்.

டாக்டர் சொன்னதைக் கருகிய தோட்டத்தில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள் வள்ளித்தாய். 

அடுத்த சீசனில் டேங்கைத் தொடும் முன்பே எல்லாரையும் ரத்தம் கொடுக்க வைத்தாள். தை மாதம், மருந்தடித்துக்கொண்டிருந்த இருளாண்டிக்குக் கண் ஊற்றெடுத்துவிட்டது. தண்ணீர் வாய்க்காலைத் தேடி ஓடியது. ராஜபாண்டியனே ஓடிவந்து அவர் தோளிலிருந்து டேங்கைக் கழற்றி, விருதுநகர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ்ஸுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பைகளை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளும்படி கண்டக்டர் மற்றவர்களிடம் சொன்னார்.