கவலை தெரிவிக்கிறோம்

அண்ணனின் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போடப் போனவனின் கையை அண்ணி பிடித்து விலக்கினாள்.

"போடாத தம்பி. கழுத்து தெரியட்டும். வர்றவங்க பாக்கணும்."

கழுத்தைச் சுற்றிக் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. பஸ் டிரைவர்களின் ஊர்வலத்தில் பிடித்துக்கொண்டுபோன அண்ணனைப் போலீஸ் பிணமாகப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தது. மாரடைப்பாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று கூடத்தில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். அவன் மட்டும் வாய் திறக்கவில்லை. அவனுக்கு வெளியுறவுத் துறையில் வேலை. அந்தச் சோற்றில் அவன் அள்ளிப் போட்டதும் ஒரு பிடி இருந்தது.

"தூதரகத்துலேருந்து வர்றாங்களாமே? வெளிநாட்டுக்காரங்க அழுத்திச் சொன்னா விசாரணை வச்சுதானே ஆகணும்? உனக்குத் தெரியாததா?"

"பாப்போம் அண்ணி."

தெரியும். அரசைக் குறை சொல்லும் அறிக்கையை வெளியிடும் முன் தூதரகங்கள் மரியாதைக்காக அதன் வரைவைக் காட்டுவதுண்டு. காய்கறிக் கடையில் பேரம் பேசுவதுபோலச் சொல் சொல்லாகக் குறைப்பதுதான் அவன் பிரிவின் வேலை. 'கண்டிக்கிறோம்' என்பது 'கவலை தெரிவிக்கிறோம்' என்று ஆனால் அன்று எல்லாருக்கும் நல்ல நாள். நேற்று வந்த வரைவில் அண்ணனின் பெயர் இருந்தது. "வேற ஆள்கிட்ட குடுக்கட்டுமா?" என்று மேலதிகாரி கேட்டார். "நானே பாத்துக்கறேன் சார்" என்றான். ஒதுங்கினால் தன்மேலும் சந்தேகம் வரும் என்ற பயம்.

குடும்பம் அமைதியை விரும்புகிறது என்று தூதரகத்திடம் போனில் சொன்னான். குடும்பத்தில் யார் என்று கேட்டார்கள். தம்பி என்றான். அதற்குப் பிறகு பேரமே இருக்கவில்லை. உடனே ஒப்புக்கொண்டார்கள்.

வேலை விஷயமாக அவனுக்கு முன்பே பழக்கமான தூதரக அதிகாரி மலர்வளையத்தோடு வந்தாள். இங்கே வந்து மொழியைக் கற்றுக்கொண்டவள், அச்சடித்ததுபோலப் பேசினாள். அண்ணி அவளைப் பெட்டியருகே இழுத்துப்போய்க் கழுத்தைக் காட்டினாள்.

"பாருங்கம்மா. அடிச்சுக் கொன்னுட்டாங்கன்னு எழுதினீங்களா?"

அவள் குழம்பினாள். "எழுதியிருந்தோம். விசாரணை வேண்டும் என்றும் எழுதியிருந்தோம். நீங்கள் விரும்பவில்லை என்பதால்தான் எடுத்துவிட்டோம். இவர் சொன்னாரே" என்று அவனைக் காட்டினாள்.

அண்ணி அவனைத் திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். புடவைத் தலைப்பால் அண்ணனின் நெற்றியைத் துடைத்தாள், அவ்வளவுதான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு. 'எங்க தம்பி நாட்டுக்காகப் பேசுறான்' என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவன் அண்ணன்.

சவ ஊர்தி வந்துவிட்டது என்றார்கள். அவன் பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் போய்க் குனிந்தான்.

"நீ வேணாம் தம்பி" என்றாள் அண்ணி. "வெளிய பத்திரிகைக்காரங்க படம் எடுக்கறாங்க. உன் வேலைக்கு ஏதாச்சும் ஆயிடப்போகுது."

குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே அவனுக்காகக் கவலைப்பட்டுச் சொன்னதுபோலத்தான் இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. காக்கிச் சட்டை போட்ட ஒரு டிரைவர் அவனைத் தாண்டி வந்து அந்த மூலையைப் பிடித்தார்.

அவன் தெருவுக்கு வந்தான். தூதரகத்தின் நீளமான கார் குறுகலான தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. ஊர்தி வாசலுக்கு வர வழியில்லை. காரோட்டி தலையை வெளியே நீட்டி, "சார், பின்னாடி யாராவது பாத்துச் சொல்லுங்களேன்" என்றான்.

அவன் காருக்குப் பின்னால் போய் நின்றான். உள்ளே அண்ணி முதல்முறையாக வாய்விட்டு அழும் சத்தம் கேட்டது. பெட்டி படியிறங்கியது.

"வரலாம்... வரலாம்... இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டிக்கொண்டே, காருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மட்டும் பார்த்தபடி பின்னால் நடந்தான்.