காசிம் பாய் லைனில் வந்தார்

செம்பூர் முதியோர் இல்லத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வீட்டாருக்குச் சேதி சொல்வது நர்ஸ் மெஹராஜின் பொறுப்பு. அதில் அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. நடந்ததை நடந்தபடி, உரியவர் காதில் மட்டும் சொல்லுவாள். 'சீரியஸ், உடனே வரவும்' என்ற பேச்சே கிடையாது. அதைக் கேட்டால் நம்மவர்கள் அடக்கத்துக்குத்தான் ஏற்பாடு செய்வார்கள்.

அன்று காலையில் காசிம் பாயின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. லேசான பக்கவாதம்தான், மருந்தில் தேறிவிடுவார், மகனுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். தாராவித் தோல் மண்டியில் ஏலம் கூவியே பெயர் வாங்கியவர் காசிம் பாய். இப்போது நாக்கு புரளவில்லை.

"சொல்லாத பிள்ள," என்று குழறினார். "அவனத்தான் ஏசுவானுவ."

ஏசுவார்கள்தான். மகன் வீட்டு மாடி அறைக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏற முடியாமல் தாமாகவே இங்கு வந்தவர் அவர். ஆனாலும் மகன் தள்ளிவிட்டான் என்றே அவர்கள் சந்து முழுக்கப் பேச்சு.

"உங்க மகன் காதுக்கு மட்டுந்தான் போகும் வாப்பா," என்றாள் மெஹராஜ்.

மகன் ரவூபின் பை தைக்கும் பட்டறையில் போன் இல்லை. எதிரே கணேசபாண்டியனின் மளிகைக் கடையில்தான் இருந்தது. அவர்தான் எடுத்தார்.

"என்னன்னு சொல்லுங்கம்மா, நானே சொல்லிருதேன்."

"ரவூபுகிட்டதாங்க சொல்லணும்."

"மவுத்தாயிட்டாரா?"

"ஐயோ, சாவெல்லாம் இல்லீங்க!"

"சரி சரி, புரிஞ்சுபோச்சு," என்றவர், சந்துப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஏ ரவூபு! பட்டறையப் பூட்டிட்டு ஓடியா!"

ரவூப் வந்தபோதே குரல் உடைந்திருந்தது. "மறைக்காதீங்க சிஸ்டர். வாப்பா இருக்காங்களா?"

"இருக்காங்க. வாய் கோணியிருக்கு, பேச்சு குழறுது. நல்ல நினைவோட டீ குடிச்சாங்க."

"மொதல்ல எல்லாரும் இப்படித்தான சொல்லுவாங்க..." அவன் விம்மினான்.

நடந்ததை நடந்தபடி சொல்லியும் எடுபடவில்லை. மெஹராஜ் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு வார்டுக்கு ஓடினாள்.

"வாப்பா, நீங்க பேசினாத்தான் உங்க மகன் நம்புவாரு."

"இந்தக் கொரல வச்சா?" அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அங்க பட்டறையப் பூட்டுறாங்க. உங்கள அடக்கம் பண்ண ஆள் கூடுது."

அவ்வளவுதான். "வண்டியக் கொண்டா," என்றார்.

மெஹராஜ் சக்கர நாற்காலியை மேசைக்குத் தள்ளிவந்து ரிசீவரை எடுத்ததுமே அவர் அதைப் பிடுங்கினார். "ஏல ரவூபு! வேல நேரத்துல பட்டறையப் பூட்டுனியோ, கால முறிச்சிருவேன்!"

சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன. கூவல் மட்டும் மண்டிக் கூவல்.

மறுமுனையில் ரவூபின் குரல் சந்துப் பக்கம் பாய்ந்தது: "எல்லாரும் வாங்கடே! எங்க வாப்பா ஏசுதாங்க, வந்து கேளுங்க!"

மறைக்க நினைத்த குரலை மகன் ஊரைக் கூட்டிக் கேட்கவைக்கிறான். காசிம் பாய் திகைத்துப்போனார். செருப்புச் சத்தம் திமுதிமுவென்று கேட்டது. கணேசபாண்டியன் கெஞ்சினார்: "இன்னொருக்கா ஏசுங்க பாய், பின்னால நிக்கவனுக்குக் கேக்கலயாம்!"

காசிம் பாய் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். மெஹராஜ் ரிசீவரை அவர் வாயின் நல்ல பக்கத்துக்கு மாற்றிப் பிடித்தாள்.