கடல் வரும் பக்கத்தில் ஷர்மின் இல்லை

1

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். கடலைப் பற்றிய இந்தக் கதையின் முதல் பிரதியை, கடலுக்குப் போவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே நான் எழுதி முடித்திருந்தேன்.

காரணம் தங்கபாண்டி. தேனியிலிருந்து ஒரு சிற்றிதழ் நடத்துகிறார். ஏப்ரல் மாதம் போன் செய்து, "அண்ணே, கோடை இதழுக்குச் சிரிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்கண்ணே. உங்க கதையப் படிச்சா வாசகருக சாப்பாட்டத் தள்ளி வச்சிர்றாக" என்றார். நாங்கள் ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை முகாமில் குடில் எடுத்து இரண்டு நாள் தங்கப்போவதாக, ரெண்டு வயதுப் பிள்ளையோடு போவதாக, வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அதையே எழுதிருங்க. தானா சிரிப்பு வரும்" என்றார்.

அன்று மாலையே உட்கார்ந்துவிட்டேன்.

'கடல் என்பது…' (வேண்டாம். கடலை விளக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?)

'எங்கள் பள்ளத்தாக்கில் தண்ணீர் எப்போதும் மலையிலிருந்து இறங்கி…' (இது புவியியல் பாடம்.)

'போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை…' (இதை அடித்துவிட்டேன். சிரிப்புக் கதை கேட்டிருக்கிறார்கள்.)

2

பாத்திரங்கள் மூன்று பேர்தான்.

நான், அப்துல் வாஹித். கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய், வால்வு, பில்டர் விற்கிற கடை. ஒரு சிறுகதைத் தொகுப்பும் வந்திருக்கிறது. ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர். அவர் என் மாமனார்.

என் மனைவி ஃபர்ஹீன். உத்தமபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கதைகளைச் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பாள். பெரும்பாலும் ஒற்றுப்பிழை. சில சமயம் ஓரத்தில் 'எப்படி?' என்று மட்டும் எழுதியிருக்கும். கணக்கில் படி விட்டுப்போனால் போடுகிற அதே 'எப்படி?'.

மகள் ஷர்மின். இரண்டு வயது நான்கு மாதம். கதாபாத்திரமாக அவளை நம்ப முடியாது. எந்த இடத்தில் விட்டேனோ அந்த இடத்தில் இருக்க மாட்டாள். வாளி, குட்டை, மாட்டுத் தொட்டி, எது கண்ணில் பட்டாலும் "தண்ணி!" என்று கத்திக்கொண்டு ஓடுவாள்.

கடல் யோசனை ஃபர்ஹீனுடையது. ஒரு சாயங்காலம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "மே லீவுல கடலுக்குப் போவோம் மச்சான்" என்றாள்.

நான் ஏன் அதிர்ந்துபோனேன் என்று இந்த இடத்தில் சொல்லவேண்டும். சொல்லாமல் திட்டமிடலுக்குப் போகிறேன். அங்கேதான் நகைச்சுவை இருக்கிறது.

3

முகாமைப் பார்த்துக்கொள்பவர் பெயர் ஜேசுராஜ். ஒரு வாரத்தில் அவருக்குப் பதினோரு முறை போன் செய்தேன்.

"குடில் வாசல்லருந்து தண்ணி எத்தனை அடி?"

"சார், கடல் காலையில ஒரு இடத்துல இருக்கும், சாயங்காலம் ஒரு இடத்துல இருக்கும். எங்க பிடிச்சு அளக்க?"

"உத்தேசமா சொல்லுங்க."

"நடந்தா ஒரு பீடி தூரம்."

கதவுக்கு உள்தாழ்ப்பாள் எந்த உயரத்தில்? குளியலறையில் வாளி உண்டா? இருந்தால் இரவு கவிழ்த்து வைப்பீர்களா? கொசு வருமா? பாம்பு? பாலைக் காய்ச்சிக் கொடுப்பார்களா? ஒன்பதாவது போனில் ஜேசுராஜ், "சார், நீங்க வர்றீகளா, இல்ல இன்ஸ்பெக்சனா?" என்றார். பத்தாவதில், "பயப்படாதீக சார். எங்க பக்கம் இப்ப அலையே கிடையாது. குளம் மாதிரி கெடக்கும். இடுப்பளவு வர்றதுக்கே ரொம்பத் தூரம் நடக்கணும்" என்றார். இதை நான் குறித்துக்கொள்ளவில்லை. அலை இல்லாத கடலை யார் படிப்பார்கள்?

கொண்டுபோகவேண்டிய சாமான்களின் பட்டியல் நான்கு பக்கம் போனது. காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், கொசுவலை, குட்டிக் குக்கர், மிதவை வளையம் இரண்டு (ஒன்று ஓட்டையானால்). கடையில் கிடந்த நைலான் கயிற்றையும் பெல்ட்டையும் வைத்து, பிள்ளையின் இடுப்பில் மாட்டி மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று தயாரித்தேன். ஃபர்ஹீன் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது பிள்ளைக்கா, ஆட்டுக்குட்டிக்கா?"

"பாதுகாப்புக்கு."

"கயிறு பாத்துக்கிரும், நீங்க எழுதுவீக."

அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

4

எழுதி முடித்த கதையை அவளிடம் கொடுத்தேன். பேருந்தில் பை தொலைவது, ஷர்மின் நடத்துநர் மடியில் மூத்திரம் போவது எல்லாம் முதல் பாதியில். இரண்டாம் பாதியில் கடல். மூன்று பக்கம். நானே பாராட்டிக்கொண்ட பக்கங்கள். 'அலைகள் ஆயிரம் வெள்ளைக் குதிரைகளாக' என்றுகூட ஒரு வரி இருந்தது. ஆமாம், குதிரைகள். காமயகவுண்டன்பட்டியில் பிறந்தவனுக்குக் குதிரையும் தெரியாது, அலையும் தெரியாது. அதனால் தைரியமாகச் சேர்த்துவிட்டேன்.

ஃபர்ஹீன் முதல் பாதியில் இரண்டு இடத்தில் சிரித்தாள். கடல் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுப் படித்தாள். முடித்ததும் முதல் பக்கத்துக்குப் போய், மறுபடி அந்த மூன்று பக்கங்களுக்கு வந்தாள்.

"இதுல பாப்பா எங்க?"

"எங்கன்னா?"

"நீங்க மூணு பக்கம் கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறீக. அந்நேரம் பாப்பாவ யாரு பிடிச்சிருந்தா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். குடிலை விட்டு ஷர்மின் என்னோடுதான் கிளம்புகிறாள். மணலில் கால் வைக்கிறாள். அப்புறம் கடல், அலை, குதிரை, அந்திவானம், வாழ்க்கை பற்றி எனக்குத் தோன்றிய இரண்டு கருத்து. ஷர்மின் எங்கேயுமே இல்லை. மூன்று பக்கமாக இல்லை.

"கதைதானே ஃபர்ஹீன்."

"அன்னைக்கும் கதைதான் எழுதுனீக" என்றாள்.

5

சரி. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஃபர்ஹீனுக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு. ஷர்மின் என்னோடு இருந்தாள். காமயகவுண்டன்பட்டியில் ஈஸ்வரபாண்டி தன் திராட்சைத் தோட்டத்துக்குப் புதிதாகக் குழாய் போட்டிருந்தார். அதைப் பார்க்கப் பிள்ளையையும் பைக்கில் வைத்துக் கூட்டிப்போனேன். அவர் மோட்டார் போடப் போனார். நான் ஷர்மினைக் கையில் பிடித்தபடி வாய்க்கால் கரையில் நின்றேன். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாக்கியம் வந்தது. போனை எடுத்தேன். ஒற்றைக் கையால் தட்டினால் தப்புத்தப்பாக வருகிறது. இரண்டு கட்டைவிரலும் தேவைப்பட்டன. அதனால் அவள் கையை விட்டேன்.

(இந்தப் பத்தியைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். 'கை நழுவியது' என்று ஒரு முறை. 'விரல்களை உருவிக்கொண்டு ஓடினாள்' என்று ஒரு முறை. இரண்டுமே நல்ல வாக்கியங்கள். இரண்டுமே பொய்.)

"ஏலே! பிள்ள! பிள்ள!" என்று ஒரு குரல். நான் நிமிர்ந்து குரல் வந்த பக்கம் பார்த்தேன். பார்த்திருக்கவேண்டியது தண்ணீரை. களை எடுத்துக்கொண்டிருந்த ராக்கம்மாள் அதற்குள் ஓடிவந்து இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துவிட்டார். பதினைந்து அடி தள்ளி, மடைக்குப் பக்கத்தில், கவுனைப் பிடித்துத் தூக்கினார். ஷர்மின் இருமினாள். தண்ணீர் கக்கினாள். அப்புறம் அழுதாள். அந்த அழுகை வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ராக்கம்மாள் என்னைத் திட்டவில்லை. "பிள்ளையப் பிடிங்க சார். ரெண்டு கையாலயும் பிடிங்க" என்றார். என் ஒரு கையில் அப்போதும் போன் இருந்தது.

வீட்டில் உண்மையைச் சொன்னேன், ஒரு படி விட்டு. வாடிக்கையாளர் மெசேஜ் வந்தது, பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்றேன்.

இனிச் சொல்வதுதான் எழுதக் கூசுகிறது. அந்த வாக்கியம் போனில் அப்படியே இருந்தது. நல்ல வாக்கியம். 'வாய்க்கால், யாரும் கேட்காவிட்டாலும், தோட்டத்துக்குத் தன் கதையைச் சொல்லிக்கொண்டே போகிறது.' அழிக்க மனசு வரவில்லை. அதை ஒரு கதையில் வைத்தேன். மார்ச் மாதம் அச்சாகி வந்தது. தங்கபாண்டி அந்த வரியைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

ஃபர்ஹீன் இதழை வாங்கிப் படித்தாள். மறுநாள் காலை அது சாப்பாட்டு மேசையில் விரித்துக் கிடந்தது. அந்த ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. அதுவரை எப்போதாவது ஷர்மினை என்னிடம் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடவாவது மாடிக்குப் போவாள். அன்றிலிருந்து அதுவும் நின்றது. குளிக்கும்போதுகூடக் குளியலறைக் கதவை ஒருக்களித்து வைத்து, பிள்ளையை வாசலில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே குளித்தாள். நான் முன்னறையில்தான் இருப்பேன். ஒருநாளும் "கொஞ்சம் பாத்துக்கிருங்க" என்று கேட்கவில்லை.

அவள்தான் கடலுக்குப் போவோம் என்றாள். நான் அதிர்ந்தது இதனால்தான்.

6

இங்கிருந்து கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் பயணம் ரத்து. பன்னிரண்டாவது முறையாக ஜேசுராஜுக்குப் போன் செய்கிறேன். அவர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார். சிரிப்பு.

இரண்டாவது முடிவில் பெரிய அலை ஒன்று வந்து ஷர்மினை இழுக்கிறது. நான் போனை வீசி எறிந்துவிட்டுப் பாய்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறேன். ஃபர்ஹீன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அந்தக் கண்ணீரோடு அவளிடம் நீட்டினேன்.

படித்து முடித்தாள்.

"பிள்ளையத் தண்ணிக்குள்ள விழ வச்சாத்தான் நீங்க நல்லவராக முடியுமா மச்சான்?"

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிறகு முதல் முடிவையே எடுத்துக்கொள்ளலாம், பயணமே வேண்டாம் என்றேன்.

"நான் எதுக்குக் கடலுக்குப் போகணும்னேன்னு ஒருநாளாச்சும் கேட்டீகளா?"

கேட்கவில்லை. தாழ்ப்பாள் உயரம்வரை கேட்டவன் இதைக் கேட்கவில்லை.

"ரெண்டு மாசமாக் கண்ண மூடித் தலைக்கு ஊத்தல நான். எனக்கு அலுத்துப்போச்சு. பாப்பாவ உங்ககிட்ட குடுத்துட்டு நான் பாட்டுக்குப் போகணும். தண்ணி இல்லாத இடமாப் பாத்துக் குடுத்தா, அது நம்புனதாகுமா? தண்ணிக்குப் பக்கத்துல வச்சுத்தான் குடுக்கணும்." பிறகு, "உங்களுக்காக இல்ல. எனக்காக" என்றாள்.

(இந்த உரையாடலில் நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமும் இல்லை.)

7

போனோம்.

ஆண்டிபட்டிக் கணவாயில் ஷர்மின் என் சட்டையில் வாந்தி எடுத்தாள். மாற்றுச் சட்டை பேருந்தின் மேல்கூரையில், மூட்டைக்குள் இருந்தது. மதுரைவரை அப்படியே வந்தேன். நான்கு பக்கப் பட்டியலில், கைக்கெட்டும் இடத்தில் என் சட்டை ஒன்று வைக்கவேண்டும் என்று எழுதவே இல்லை.

ஜேசுராஜ் பேருந்து நிறுத்தத்துக்கு ஆட்டோ கொண்டுவந்திருந்தார். போனில் கேட்ட குரலுக்குப் பெரிய உடம்பு இருக்கும் என்று நினைத்திருந்தேன், ஒல்லியான மனிதர். "இன்ஸ்பெக்டர் சார்" என்று கும்பிட்டார். சவுக்குத் தோப்புக்குள் ஆறு குடில்கள். எங்கள் குடிலில் வாளியை ஏற்கெனவே கவிழ்த்து வைத்திருந்தார்.

அலை இல்லை. ஒன்றுகூட இல்லை. கடல் பெரிய தாம்பாளத்தில் ஊற்றின மாதிரி கிடந்தது. நான் எழுதிய மூன்று பக்கமும் வீண்.

அதைவிட, ஷர்மின் ஓடவில்லை. கரையில் நின்று கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். என் காலைக் கட்டிக்கொண்டாள். "தண்ணி பாரு பாப்பா" என்றேன். "தண்ணி இல்ல" என்று அலறினாள். அவ்வளவு பெரியதைத் தண்ணீர் என்று ஏற்றுக்கொள்ள அவளால் முடியவில்லை. முதல் நாள் முழுக்கக் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மணல் தோண்டினாள். ஃபர்ஹீன் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

மறுநாள் காலை. எங்களைத் தவிரக் கரையில் யாரும் இல்லை. ஜேசுராஜ் தூரத்தில் சவுக்கு மரங்களுக்கிடையே வலைத் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தார். ஃபர்ஹீன் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கண்ணாடியைக் கழற்றிச் செருப்புக்குள் வைத்தாள். பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"பாத்துக்கிருங்க" என்றாள். அவ்வளவுதான்.

கயிறு வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அது பையிலேயே இருந்தது.

அவள் கடலுக்குள் நடந்தாள். கணுக்கால், முழங்கால். ஜேசுராஜ் சொன்னது சரி; இடுப்பளவு வருவதற்குள் நெடுந்தூரம் போகவேண்டியிருந்தது. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். ஏனென்றால் அந்த நேரத்தில் ஷர்மின் என் கையிலிருந்து இறங்கினாள். முதல் நாள் பயம் தெளிந்திருந்தது. ஈர மணலில் ஓர் அடி வைத்தாள். தண்ணீர் வந்து விரலை நனைத்தது. கீச்சென்று கத்தினாள். இன்னோர் அடி வைத்தாள். நானும் வைத்தேன். உட்கார்ந்தாள். நானும் பேண்ட்டோடு தண்ணீரில் உட்கார்ந்து, அவள் இரண்டு பக்கமும் காலை நீட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஊர் திரும்பி, கதையை இதுவரை எழுதித் தங்கபாண்டிக்கு அனுப்பினேன். படித்துவிட்டுப் போன் செய்தார். "அண்ணே, முடிவு எங்கண்ணே? ஃபர்ஹீன் அக்கா கடலுக்குள்ள இருந்து கரையத் திரும்பிப் பாத்தாகளா இல்லையா? திரும்பிப் பாக்கலைன்னா அவக உங்கள நம்பிட்டாக. பாத்தாகன்னா இன்னும் நம்பல. ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க, கதை நின்னுரும்."

நீங்களும் இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். எனக்கு எது பிடிக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவளிடமே கேட்டுவிடலாம், கேட்கவில்லை. அது அவளுடைய நேரம். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பியோ திரும்பாமலோ.

எனக்குத் தெரியாது. நான் ஷர்மினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணலில் கிடந்த ஒரு சோழியை எடுத்து வாயில் போட்டாள். விரலை விட்டு வெளியே எடுத்தேன். மறுபடி போட்டாள். மறுபடி எடுத்தேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னொரு சோழியைத் தேட ஆரம்பித்தாள்.