ஒத்திகையில் போன குளம்

ஷிப்ராதி பையிலிருந்து எடுத்து நீட்டிய ஜெராக்ஸின் மூன்றாம் பக்கத்தில் ரஞ்சனா தன் சொந்த வாக்கியத்தைப் படித்தாள். "மழைநீர் வடிய மாற்று ஏற்பாடு செய்வதாக மனுதாரர் உறுதியளித்திருப்பதால், ஆட்சேபணை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது." ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை, பாவிகள்! இரண்டு மாதம் முன்னால் அவள் வகுப்பில் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தது அப்படியே டைப்பாகி, கீழே நகராட்சி முத்திரையோடு உட்கார்ந்திருந்தது.

"லாரி வர ஆரம்பிச்சு நாலு நாளாச்சு, மேடம்," என்றாள் ஷிப்ராதி வங்க மொழியில். "இடிச்ச வீட்டுக் கல்லும் மண்ணும் கொண்டுவந்து குளத்துல கொட்டறாங்க. கேட்டா இந்தக் காகிதத்தைக் காட்டறாங்க. ஹியரிங் நடந்தாச்சாம். ஆட்சேபணை சொன்னவங்க பேரு ஷிப்ரா மொண்டல்னு போட்டிருக்கு. அது நான்தான்!"

பெயரோடு அக்கா என்ற மரியாதைக்கு 'தி' சேர்த்து எல்லாரும் கூப்பிடும் ஷிப்ராதிக்கு ஐம்பது வயது, தையல்காரி. நகரத்தின் தெற்கு ஓரத்துச் சின்ன நகராட்சி ஒன்றில், எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று முடிவு செய்யும் குழுவில் பொதுமக்கள் சார்பாக இருப்பவள். ஷாலுக்புகூர் என்கிற குளத்தின் கரையில் அவள் வீடு. சுற்றி இன்னும் பதினோரு வீடுகள். ஆஷாட மாதத்து, அதாவது நம் ஆனி மாதத்து, மழைத் தண்ணீர் முழுக்க அந்தக் குளத்தில்தான் இறங்கும். குளம் போய்விட்டால் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வீட்டுக்குள் நிற்கும். மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

நடந்தது இதுதான். புதிதாகப் போட்ட அந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க, ரஞ்சனா வேலை பார்க்கும் பயிற்சி நிறுவனம் அவளை அனுப்பியது. நோட்டீஸை எங்கே ஒட்டுவது, எத்தனை நாள் விடுவது, ஆட்சேபணையை எப்படிக் கேட்பது, உத்தரவில் காரணத்தை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் வகுப்பு. அவளுக்கென்று ஒரு முறை உண்டு. இரண்டாம் நாள் ஒத்திகை விசாரணை நடத்துவாள். ஒருத்தர் மனுதாரர், ஒருத்தர் ஆட்சேபிப்பவர் (இந்த முறை அது ஷிப்ராதி), மற்றவர்கள் குழு. பிறகு குழுவில் பாதிப் பேர் அனுமதித்து உத்தரவு எழுதவேண்டும், பாதிப் பேர் மறுத்து எழுதவேண்டும். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் காரணம் வேண்டும் என்று புரியவைக்கத்தான்.

கற்பனைக் கேஸ் கொடுத்தால் யாரும் மனசு வைப்பதில்லை என்பது அவள் அனுபவம். அதனால் நகராட்சியிலேயே ஒரு நிஜ ஃபைல் கேட்டாள். குழுத் தலைவர் ஹால்தார் பாபு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். ஒரு குளத்தை மூடிக் கட்டடம் கட்ட அனுமதி கேட்கும் மனு அது. மனுதாரர் பெயரை மட்டும் மாற்றினாள். வரைபடத்தோடு ஒத்துப்போகவேண்டுமே என்று நில எண்ணை விட்டுவிட்டாள். தாளின் தலையில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று எழுதினால் அசல் தோற்றம் கெட்டுப்போகும் என்று அதையும் எழுதவில்லை. புத்திசாலித்தனம்! எல்லாரும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்துத் தாள்தான் இப்போது நான்காம் பக்கமாக, 'விசாரணைக்கு வந்திருந்தோர்' என்ற தலைப்போடு இருந்தது. மனுதாரர் பெயர் பழையபடி அசல் பெயராகியிருந்தது. மறுத்து எழுதிய உத்தரவைக் காணவே காணோம்.

மறுநாள் காலை முதல் வேலையாக ரஞ்சனா ஹால்தார் பாபுவின் அறைக்குள் போய் நின்றாள். அவர் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். டீ வந்தது, சந்தேஷ் இனிப்பு வந்தது.

"இது என்ன?" என்று ஜெராக்ஸை மேஜைமேல் போட்டாள்.

"உத்தரவு மேடம். எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க. முன்னெல்லாம் நாங்க எழுதற உத்தரவை அப்பீல்ல ஒரே நாள்ல கிழிச்சுப் போட்டுருவாங்க. இப்போ ஒருத்தராலயும் அசைக்க முடியாது. எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்தது."

"அது ஒத்திகை!"

"ஆட்சேபணை கேட்டோமா இல்லையா? காரணம் எழுதினோமா இல்லையா? குழு முழுசா உட்கார்ந்திருந்தது. அதை இன்னொரு தடவை நடத்தச் சொல்றீங்களா?" அவர் குரலில் துளி வெட்கம் இல்லை. "வீணா டென்ஷன் ஆகாதீங்க. அடுத்து ஆறு நகராட்சிக்கு இதே பயிற்சி வேணும்னு நானே உங்க டைரக்டருக்கு எழுதியிருக்கேன். ஒத்திகைன்னு நீங்க வெளியில சொன்னா, நிலுவையில இருந்த ஃபைலை வகுப்புல விளையாடக் கொடுத்தது யாருன்னு கேள்வி வரும். வருமா, வராதா?"

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்! திருடினதும் இல்லாமல், சாவி செய்து கொடுத்தவள் நீதானே என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். ரஞ்சனாவுக்கு அந்த டீயை எடுத்து மூஞ்சியில் ஊற்றலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஊற்றவில்லை. ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நகரத்துக்குள் லேக் கார்டன்ஸ் பகுதியில் இருந்த வீட்டில் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஜெய்ராம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ரஞ்சு, நீ காண்ட்ராக்ட்ல இருக்கே. அடுத்த மாசம் ரின்யூ ஆகணும். நீயே போய் நான்தான் ஃபைல் கொடுத்தேன்னு சொன்னா, வேற வினையே வேண்டாம்."

"அப்போ வாயை மூடிண்டு இருக்கச் சொல்றியா?"

"ஷிப்ராதி அப்பீல் போடறா இல்லையா? அவா வக்கீல் பார்த்துப்பா."

"என்னத்தைப் பார்ப்பா? அந்த உத்தரவுல ஓட்டையே கிடையாது, ஜெய். ஓட்டை இல்லாம அடைச்சவ நான். பன்னெண்டு வீட்டுல தண்ணி ஏறும்போது நான் இங்க மூணாவது மாடியில உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்க்கணுமா? என் எழுத்து, அதை அந்தத் தடியன் எடுத்துண்டு போய்..." ஜெய்ராம் தலையிலிருந்து கையை எடுத்தான். பிறகு, அப்பீல் என்றைக்கு என்று கேட்டான்.

அப்பீல் மூன்று வாரம் கழித்து, மாவட்ட அதிகாரி முன்னால் வந்தது. அதற்குள் குளத்தில் பாதி போயிருந்தது. அதிகாரி நிதானமான மனிதர். உத்தரவை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தார். ஹால்தார் பாபு முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் பார்த்த உத்தரவுகளிலேயே இவ்வளவு ஒழுங்கா எழுதினது கிடையாது," என்றார் அதிகாரி. "நோட்டீஸ், ஆட்சேபணை, காரணம், எல்லாம் இருக்கு. நான் எதை வெச்சு இதைத் தள்ளறது?"

ஷிப்ராதியின் வக்கீல் தாளைப் புரட்டினார். ரஞ்சனா எழுந்து நின்றாள்.

"அதை எழுதினது நான், சார். அன்னிக்கு அந்த ஹால்ல பத்து மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் என்னோட பயிற்சி வகுப்புதான் நடந்தது. எங்க நிறுவனத்துல கேட்டாத் தெரியும். விசாரணைன்னு ஒண்ணு நடக்கவே இல்லை. நிலுவையில இருந்த ஃபைலை ஒத்திகைக்கு எடுத்தது என் தப்பு. அதை நிஜமாக்கினது இவங்க அயோக்கியத்தனம்."

ஹால்தார் பாபு துள்ளி எழுந்தார். "பொய்! சம்மந்தப்பட்ட அம்மாவே ஆட்சேபணை சொன்னாங்க. அவங்களையே கேளுங்க!"

அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு ரஞ்சனாவைப் பார்த்தார். "இதை எழுதிக் கொடுப்பீங்களா? உங்க மேலேயும் நடவடிக்கை வரும்."

"வரட்டும் சார். இப்பவே எழுதித் தர்றேன்."

அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வேலை போனால் போகட்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டிருந்தது. சரியானதைச் செய்துவிட்டோம் என்று மனதுக்குள் ஒரு நிமிர்வுகூட இருந்தது, பொய் சொல்வானேன்.

அதிகாரி தாளைப் படித்துவிட்டு ஷிப்ராதியின் பக்கம் திரும்பினார். "நீங்க அன்னிக்கு ஆட்சேபிக்கிறவங்க வேஷத்துல பேசினீங்க. அப்படித்தானே?"

"எனக்கு அது வேஷமில்லை, சார்," என்றாள் ஷிப்ராதி. "நில எண்ணைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. இது எங்க குளம்னு சொன்னேன். வீட்டுல தண்ணி ஏறும், என் மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க, தூக்கிட்டு ஓடக்கூட முடியாதுன்னு சொன்னேன். அழுதேன். யாராவது கேப்பாங்கன்னுதான்." அவள் ரஞ்சனாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ரொம்பத் தத்ரூபமா இருக்குன்னு சொல்லி, மேடம் எல்லாரையும் கைதட்டச் சொன்னாங்க."

அதிகாரி பேனாவைத் திறந்து, மண் கொட்டுவதை உடனே நிறுத்தவேண்டும் என்று எழுத ஆரம்பித்தார். ரஞ்சனா நின்ற இடத்திலேயே நின்றாள். அன்றைக்கு எல்லாரையும்விட உரக்கக் கைதட்டியது அவள்தான்.